மதம் என்ற கட்டத்தில்

ஜெர்மனி
9 மார்ச் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். போனில் பேசினால் "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். நான் என்ன சொன்னேன் என்று திருப்பிக் கேட்டால் கோபம் வருகிறது. அதனால் நீங்கள் கேட்டபடியே கடிதம். இந்த நாடும் உங்கள் கட்சிதான். வங்கி, மின்சாரம், மருத்துவக் காப்பீடு எல்லாம் தபாலில்தான் பேசுகின்றன. வந்து பத்தொன்பது நாளில் எனக்குப் பதினொரு கடிதம் வந்துவிட்டது. தபால் பெட்டியில் முழுப் பெயரை ஒட்டாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். "ஜான்சன் ஞானதாஸ்" என்று ஒட்டியிருக்கிறேன். அப்பா பெயரைத் தபால்காரர் தினமும் படிக்கிறார்.

இங்கே வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, நகராட்சிக்குப் போய், இந்த முகவரியில் குடியிருக்கிறேன் என்று பதிவு செய்வது. இரண்டு வாரக் கெடு. அந்தத் தாள் இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் சம்பளம் இல்லை. வீட்டுக்காரரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கிழவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பன்னிரண்டாம் நாள்தான் வந்தார். பதின்மூன்றாம் நாள் ஓடினேன். துணைக்கு ஷீலா வந்தாள். மறைமலைநகர்ப் பெண், நான் வேலைக்குச் சேர்ந்திருக்கும் முதியோர் இல்லத்தில் நான்கு வருடமாக நர்ஸ், ஜெர்மன் நன்றாகப் பேசுகிறாள்.

படிவத்தில் பெயர், பிறந்த ஊர், பழைய முகவரி எல்லாம் எழுதிக்கொண்டே வந்தேன். மதம் என்று ஒரு கட்டம். ஷீலா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அண்ணே, இங்க இன்னா எழுதப் போற?"

"ஆர்.சி.தான். வேற இன்னா?"

"எழுதிராத. எழுதினா மாசாமாசம் சம்பளத்துல கோயிலுக்குன்னு கவர்மென்டே புடிச்சிக்கும். நான் இல்லைன்னு போட்டேன். இங்க பாதி பேரு அப்டித்தான். சாமி இன்னா இந்த ஆபீசுக்கு வந்து பாக்கப் போவுதா?"

"இல்லை" என்று எழுதிவிட்டேன். மேசையில் இருந்த பெண் பார்க்கக்கூட இல்லை. முத்திரை குத்தித் தந்துவிட்டாள். ஏழு நிமிடம்.

உங்களிடம் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். ஜாய்ஸிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். அவள் அப்பா எதையும் பெரிதாக்குகிறவர். ஜனவரியில் கல்யாணம் முடியட்டும், நானே சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் மகன்,
ஜான்சன்


ஊரப்பாக்கம்
1 ஏப்ரல் 2024, திங்கள்

ஜான்சனுக்கு,

உன் கடிதம் பெரிய வியாழனன்று வந்தது. பரிசுத்த வாரத்தில் கோபத்தோடு பேனா எடுக்கக் கூடாது என்று நேற்று ஈஸ்டர் பாஸ்கா பூசை முடியும்வரை பொறுத்தேன். இன்று எழுதுகிறேன். கோபம் அப்படியே இருக்கிறது.

முதலில் சிறியவை. கடிதத்தின் தலையில் நீ எப்போதும் போடும் சிலுவைக் குறி இல்லை. வீட்டுக்காரரைக் கிழவர் என்று எழுதாதே, பெரியவர் என்று எழுது. போனில் எனக்குக் காது கேட்கவில்லை என்று பக்கத்து வீட்டுக் காசியம்மாளிடம் நீ சொன்னதாக அறிகிறேன். எனக்கு நன்றாகக் கேட்கிறது. இப்போதெல்லாம் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இனிப் பெரியது.

அரசாங்கப் படிவத்தில் நீ பொய் எழுதியிருக்கிறாய். காணிக்கை கொடுக்க மனமில்லை என்றால், மனமில்லை என்று எழுதியிருக்கலாம். அதற்குக் கட்டம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதியிருக்கலாம். நீ எழுதியது அதை அல்ல. முப்பத்தொரு வருடம் கன்னியர் பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: படிவத்தில் எழுதுவது சத்தியத்துக்குச் சமம், அடியில் உன் கையெழுத்து இருக்கிறது.

இதே கட்டம் நம் வீட்டுக்குப் புதிதில்லை. உனக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கும்போது உன் சித்தி சொர்ணம் இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு என்ன சொன்னாள் என்று உனக்கு நினைவிருக்கும். "அக்கா, ஒரே ஒரு வார்த்தை. இந்துன்னு போடு. பையனுக்கு எஸ்.சி. லிஸ்ட்ல சீட்டு நிச்சயம். கிறிஸ்தவன்னு போட்டா பி.சி.யில தள்ளிடுவான். சேசுவுக்கு நம்ம மனசு தெரியாதா? பேப்பர்ல இன்னா கீது?" அவள் மகன் அப்படித்தான் எழுதினான். ஞாயிற்றுக்கிழமை தோமினிக், திங்கட்கிழமை தேவேந்திரன். நான் கிறிஸ்தவன் என்று எழுதினேன். அன்று நான் எழுதியது இன்றைக்கும் சரி.

அதே அலுவலகத்துக்குத் திரும்பிப் போ. தவறாக எழுதிவிட்டேன், திருத்த வேண்டும் என்று சொல். ஏழு நிமிடத்தில் முத்திரை குத்துகிறவர்கள் இன்னொரு ஏழு நிமிடம் கொடுக்க மாட்டார்களா?

ஜாய்ஸிடம் நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவன் நீ.

உன் தாய்,
மார்கரெட் ஞானதாஸ்


ஜெர்மனி
25 ஏப்ரல் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் திருத்தப் போவதில்லை.

நீங்கள் எழுதியது சரிதான் அம்மா. அந்தச் சரிக்கு விலை கொடுத்தது நான். பி.சி. பட்டியலில் எனக்கு ஒன்றரை மதிப்பெண் குறைந்தது. எஸ்.சி. பட்டியலில் தேவேந்திரன் என்னைவிட ஒன்பது மதிப்பெண் குறைவாக வாங்கி மருத்துவக் கல்லூரிக்குள் போனான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. அவன் எழுதியதுதான் பொய் என்றும் எனக்குத் தோன்றவில்லை. நம் தாத்தாவை வயலில் வரப்பு ஓரமாக நிற்க வைத்தவன், இவன் எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்று கேட்டுவிட்டா நிற்க வைத்தான்?

ஒன்று உங்களுக்குத் தெரியாது. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது தேவேந்திரன் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன் அல்லவா? பணம் வாங்க மாட்டேன் என்றான். திரும்பி வரும்போது, ஜி.எஸ்.டி. ரோட்டில், பைக்கில் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து சொன்னார்: "அவன் கை நல்ல கைடா. உன் கையிம் அப்டித்தான் இருந்திருக்கும்." கல்பாக்கம் பஸ் ஓட்டிய மனிதர், இருபத்தாறு வருடம் உங்கள் முன்னால் ஒரு வார்த்தை அதிகம் பேசாதவர். 

ஷீலா சொன்னது எனக்கு ஒரு சாக்கு. உண்மையான காரணம் வேறு. பள்ளி சேர்க்கைப் படிவம், சான்றிதழ் விண்ணப்பம், கவுன்சலிங் படிவம், நர்சிங் கல்லூரிப் படிவம், எல்லாவற்றிலும் அந்தக் கட்டத்தில் உங்கள் கையெழுத்துதான் இருக்கிறது. முத்து முத்தாக. முப்பத்தேழு வயதில் முதல் தடவையாக அந்தக் கட்டத்தை என்னிடம் நீட்டினார்கள். அதில் என்ன எழுத வேண்டும் என்பதைவிட, நான் எழுத வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

நம்பிக்கை போய்விட்டதா என்று கேட்பீர்கள். தெரியாது. குளிப்பாட்டும்போது சில பெரியவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்போது மனதுக்குள் "அருள் நிறைந்த மரியே" செபம் தானாக வருகிறது. அதற்கு எந்தக் கட்டம் என்று தெரியவில்லை.

இதை இத்தோடு விட்டுவிடுங்கள்.

ஜான்சன்


ஊரப்பாக்கம்
20 மே 2024

ஜான்சனுக்கு,

உன் அப்பா சொன்னதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

கல்யாண வேலைகளைச் சொல்கிறேன். ஜனவரி இருபது, திங்கட்கிழமை என்று ஜாய்ஸ் வீட்டில் உறுதி செய்துவிட்டார்கள். செங்கல்பட்டில் அவர்கள் கோயிலிலேயே பூசை. மண்டபமும் பார்த்துவிட்டார்கள். ஜாய்ஸ் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். மாடிப்படியில் என் கையைப் பிடித்தாள். பிடிக்க வேண்டாம் என்றேன். "ஆன்ட்டி, நீங்க விழுந்தா தூக்கறது நான்தான், அதுக்கு இப்பவே புடிச்சிக்கிறேன்" என்றாள். பதில் சொல்லத் தெரிந்த பெண். பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இருப்பாள் என்று நினைக்கிறேன்.

அவர்கள் பங்குத்தந்தை இரண்டு காகிதம் கேட்கிறார். ஒன்று, உன் ஞானஸ்நானச் சான்று. அதற்காகப் போன வாரம் உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கடற்கரைக் கோயிலுக்கே போய் வந்தேன். செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து மாமல்லபுரம் பஸ், பிறகு ஷேர் ஆட்டோ. கோயில் அலுவலகத்தில் இப்போது மேரிதான் எல்லாம். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"இன்னா டீச்சர், இந்த வெயில்ல கெளம்பி வந்துகினு கீறீங்க? ஒரு போன் போட்டிருந்தா வாட்ஸ்அப்புல அனுப்பியிருப்பேன்ல?"

"வாட்ஸ்அப்பில் முத்திரை ஈரமாக வராது, மேரி."

"ஆமா, அங்க செங்கல்பட்டுல மோந்து பாத்துத்தான் கல்யாணம் கட்டி வெப்பாங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். உடனே உன்னைப் பற்றிக் கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றேன்.

இரண்டாவது காகிதம் உன் பக்கத்திலிருந்து வர வேண்டும். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதற்கு முன், மாப்பிள்ளை ஆறு மாதத்துக்கு மேல் வேறு ஊரில் குடியிருந்தால், அந்த ஊர்ப் பங்குத்தந்தை, இவர் கத்தோலிக்கர், திருமணத்துக்குத் தடையில்லாதவர் என்று எழுதித் தர வேண்டும். இது நான் போட்ட விதி இல்லை. அங்கே எந்தப் பங்கில் இருக்கிறாய்? ஞாயிறு பூசைக்கு எங்கே போகிறாய்? உடனே எழுது. கேட்க உனக்குத் தயக்கமாக இருந்தால் நானே ஆங்கிலத்தில் அவருக்கு எழுதிவிடுகிறேன்.

உன் தாய்,
மார்கரெட் ஞானதாஸ்


ஊரப்பாக்கம்
10 ஜூன் 2024

ஜான்சனுக்கு,

மூன்று வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து பதில் இல்லை. அங்கே ஆகஸ்டில் அலுவலகங்கள் மூடிவிடும், எல்லோரும் விடுமுறைக்குப் போய்விடுவார்கள் என்று காசியம்மாளின் மருமகள் சொன்னாள். காத்திருக்க முடியாது. உன் முகவரியைக் கொடுத்தேன், அவள் கம்ப்யூட்டரில் தேடி உன் தெருவுக்குரிய பங்கைக் கண்டுபிடித்தாள். இன்று காலை விரைவுத் தபாலில் அந்தத் தந்தைக்கு எழுதி அனுப்பிவிட்டேன். ஞானஸ்நானச் சான்றின் நகலும் வைத்திருக்கிறேன்.

நீ அவருடைய பங்கைச் சேர்ந்தவன் என்றும், ஜனவரியில் திருமணம் என்றும் எழுதினேன். நகராட்சிப் பதிவில் மதம் என்ற இடத்தில் கவனக்குறைவால் ஒரு பிழை நேர்ந்திருக்கிறது, அதைத் திருத்த உனக்கு வழிகாட்ட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். பொய் என்று எழுதவில்லை. பிழை என்றுதான் எழுதினேன். உனக்காக அந்த அளவுக்கு இறங்கியிருக்கிறேன்.

அவர் அழைத்தால் மரியாதையோடு போய்ப் பார்.

உன் தாய்,
மார்கரெட் ஞானதாஸ்


ஜெர்மனி
11 ஜூன் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மே மாதக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. வீட்டுக்காரர் தன் தபாலோடு சேர்த்து எடுத்து வைத்துவிட்டார். பெரியவர், கவனிக்கவில்லை.

தயவுசெய்து இங்கே யாருக்கும் எழுதாதீர்கள். இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். நம் ஊரில் ஃபாதருக்கு எழுதினால் ஃபாதரோடு போகும். இங்கே அவருக்குப் பின்னால் ஒரு அலுவலகம் இருக்கிறது. அது நகராட்சியோடு பேசும், வரி அலுவலகத்தோடு பேசும். கைக்குக் கை காகிதம் போகும், முகமே தெரியாது.

நான் யோசித்தேன் அம்மா. ஏப்ரலில் எழுதிய கடிதத்தைப் பற்றியும் யோசித்தேன். அப்பா சொன்னதை எழுதியிருக்கக் கூடாது. அதை அவர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார், உங்களை அடிப்பதற்காகக் கொடுக்கவில்லை.

திருத்திவிடுகிறேன். இந்த மாதக் கடைசியில் எனக்கு மூன்று நாள் விடுப்பு. நானே அந்தப் பெண்ணிடம் போய், வந்த புதிதில் மொழி தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லி மாற்றிக்கொள்கிறேன். பிறகு நானே இந்த ஊர்த் தந்தையைப் போய்ப் பார்த்து அந்தக் கடிதத்தை வாங்குகிறேன். ஜாய்ஸுக்காகச் செய்கிறேன். கொஞ்சம் உங்களுக்காகவும்.

எனக்கு மூன்று வாரம் மட்டும் கொடுங்கள்.

உங்கள் மகன்,
ஜான்சன்


ஜெர்மனி
30 ஆகஸ்ட் 2024

அம்மா,

நம் இரண்டு கடிதமும் நடுவழியில் ஒன்றை ஒன்று கடந்து போயிருக்கின்றன. நான் விடுப்பு எடுத்து நகராட்சிக்குப் போன அன்று, உன் கடிதம் எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. உன் ஆங்கிலத்தின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. தந்தை நல்ல மனிதர். அவர் உதவி செய்வதாக நினைத்துத்தான் தன் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்.

மேசையில் அதே பெண். இந்தத் தடவை என்னைப் பார்த்தாள். "மார்ச்சில் நீங்கள் இல்லை என்று எழுதினீர்கள். உங்கள் தாய் ஆம் என்று எழுதுகிறார். எது உண்மை?" என்று கேட்டாள். முப்பத்தேழு வயது ஆளிடம் கேட்கிறாள். பின்னால் வரிசையில் ஆறு பேர். மொழி தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். திருத்துகிறேன் என்று நானே சொல்லியிருந்தால் அது என் வார்த்தை. இப்போது தலையாட்டினால் அது உன் வார்த்தை.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இரண்டு மாதத்தில் நான்கு கடிதம் வந்தது. கடைசிக் கடிதத்தில், தவறான தகவல் கொடுத்தது என்று ஒரு சொல் இருந்தது.  என் குடியிருப்பு அட்டை அடுத்த வருடம் புதுப்பிக்க வேண்டும். ஷீலாவிடம் காட்டினேன். "அட இன்னாண்ணே, இதுக்குப் போயி பேஜாரு ஆயிகினு. அங்க ஆபீசு ஒண்ணு கீது. சபைய வுட்டுப் போறேன்னு ஒரு கையெழுத்து. அத்தோட முடிஞ்சிது. எனக்குத் தெரிஞ்சே நாலு பேரு போட்டுக்கீறாங்க" என்றாள்.

ஆகஸ்ட் இருபத்தேழு, செவ்வாய்க்கிழமை, போட்டுவிட்டேன்.

எங்கே ஞானஸ்நானம் பெற்றீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். மேசையில் இருந்தவருக்கு அதை எழுதத் தெரியவில்லை. மாமல்லபுரத்தையும் செங்கல்பட்டையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பொறுமையாக எழுதிக்கொண்டார். அதுவும் இன்னொரு கட்டம் என்றுதான் நினைத்தேன்.

நீ கேட்ட திருத்தம் நடந்துவிட்டது. மார்ச்சில் எழுதியது இனிமேல் பொய்யில்லை.

ஜான்சன்


ஜெர்மனி
12 அக்டோபர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆகஸ்டில் எழுதிய கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. அதில் உங்களை நீ என்று எழுதியதை அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். மன்னிக்க வேண்டும்.

ஜாய்ஸ் ஆறு நாளாகப் போன் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் நீலக் குறி வருகிறது, பதில் வரவில்லை. அவள் பள்ளிக்கூட எண்ணுக்குக் கூப்பிட்டேன். வகுப்பில் இருக்கிறாள் என்றார்கள். சனிக்கிழமை வகுப்பா என்று கேட்டேன். வைத்துவிட்டார்கள்.

எங்கள் இல்லத்தில் ஒரு போலந்துக்காரர் வேலை செய்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது தலையில் கையை வைத்துக்கொண்டார். இங்கே விலகிய செய்தி ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கே போகுமாம். அங்கே பதிவேட்டில் ஏறிவிடுமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. எழுத்து எழுத்தாக நானே முகவரி சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தக் கடிதம் வந்துவிட்டதா? வரவில்லை என்றால் மேரி அக்காவிடம் சொல்லிக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா? உங்களிடம் இப்படிக் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

இந்த ஊர்த் தந்தையைப் போய்ப் பார்த்தேன். திரும்பச் சேரலாம் என்றார். அவரோடு சில தடவை உட்கார்ந்து பேச வேண்டும், பிறகு அவர் ஆயருக்கு எழுத வேண்டும், அங்கிருந்து அனுமதி வர வேண்டும். எவ்வளவு நாள் என்று கேட்டேன். "ஜனவரிக்குள் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார். நான் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் பதினான்காம் தேதிக்கு டிக்கெட் போட்டது போட்டபடி இருக்கிறது. நீங்கள் ஜாய்ஸைப் போய்ப் பாருங்கள் அம்மா. நீங்கள் சொன்னால் அவள் அப்பா கேட்பார். ஊரில் உங்கள் பேச்சுக்கு மரியாதை உண்டு. நான் வரட்டுமா, வந்தால் எல்லாம் சரியாகுமா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மகன்,
ஜான்சன்


ஊரப்பாக்கம்
9 நவம்பர் 2024

அன்புள்ள ஜான்சனுக்கு,

நீ கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

கடிதம் செப்டம்பர் கடைசியிலேயே வந்துவிட்டது. நிறுத்தி வைக்க எதுவும் இருக்கவில்லை. மேரிக்கும் தந்தைக்கும் அந்த மொழி தெரியாது. உன் பெயரும் ஊரின் பெயரும் மட்டும் புரிந்தன. கல்யாணக் காகிதமாக இருக்கும் என்று நினைத்து, செங்கல்பட்டுப் பங்குக்கே அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்த தந்தை ஆயர் இல்லத்தில் கொடுத்து மொழிபெயர்த்து வாங்கியிருக்கிறார். மார்ச்சில் நீ இல்லை என்று எழுதியதும் அதில் இருந்தது. ஜாய்ஸின் அப்பா பங்குப் பேரவையில் இருக்கிறார் என்பது உனக்குத் தெரியும். அன்று மாலையே வீட்டுக்குச் செய்தி போய்விட்டது.

நான் ஜாய்ஸைப் போய்ப் பார்க்கவில்லை. அவளே வந்தாள், அக்டோபர் ஆறாம் தேதி, ஞாயிறு பூசை முடிந்து. தனியாக வந்தாள். டீ கொடுத்தேன். ஆறவிட்டாள். மெதுவாகத்தான் பேசினாள். எனக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை, மூன்று தடவை உரக்கச் சொல்ல வைத்தேன். அந்தப் பெண்ணுக்கு நான் செய்த காரியம் அது. காசியம்மாள் வீடு வரை கேட்டிருக்கும். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்ற எனக்கு உரிமையில்லை.

"அவரு இல்லைன்னு எழுதினதுக்கு நான் கோச்சிக்கல ஆன்ட்டி. மார்ச்சுல எழுதினாரு. தெனமும் வீடியோவுல வந்து சாப்டியா, தூங்கினியான்னு கேட்டாரு. இத சொல்ல ஒரு நாளு வாய் வர்லியா? உங்களுக்குத் தெரியும் இல்ல?"

தெரியும் என்றேன்.

"எப்பத்துலருந்து?"

பெரிய வியாழனிலிருந்து என்றேன்.

"மண்டபம் பாக்கப் போனப்பவே தெரியும். மாடிப்படியில உங்க கையப் புடிச்சிக்கினு வந்தேனே, அப்பவே தெரியும்." டம்ளரை ஓரமாக நகர்த்தினாள். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் உங்க பழைய சண்டைய லெட்டர்ல போட்டுக்கினு இருந்தீங்க. நடுவுல நான் ஒருத்தி கல்யாணப் பொடவ பாத்துக்கினு இருந்தேன். எங்கப்பாவ நான் சமாளிச்சிருப்பேன் ஆன்ட்டி. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா போதும்" என்றாள்.

ஆயரிடம் அனுமதி கேட்டால் கோயிலிலேயே செய்யலாம் என்று செங்கல்பட்டுத் தந்தை சொன்னதை எடுத்துச் சொன்னேன். ஜான்சன் திரும்பச் சேருவான் என்றும் சொன்னேன். "சேரட்டும். அது அவருக்கும் சாமிக்கும். எனக்கு வேணாம்" என்றாள். நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தை டம்ளர் பக்கத்தில் வைத்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, ஆறிப்போன டீயை நின்றபடியே குடித்துவிட்டுப் போனாள்.

அவள் மனம் மாறுமா என்று கேட்பாய். மாறாது. முப்பத்தொரு வருடம் பெண்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவள் நான்.

போன செவ்வாய்க்கிழமை கடற்கரைக் கோயிலிலிருந்து கூப்பிட்டார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் உன் வரிக்கு எதிரே, ஓரத்தில், ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்று ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. குடும்பத்துக்குத் தெரிவித்துவிட்டு எழுதுவது மரியாதை என்று தந்தை நினைத்திருக்கிறார். போனேன். 1987-ஆம் வருடத்துப் புத்தகம். மேரியை எழுதச் சொன்னார்.

"எனக்குக் கை வர்ல ஃபாதர். ஜான்சன் தம்பிய நான் இடுப்புல தூக்கினு திரிஞ்சவ. வேற யாரையாச்சும் எழுதச் சொல்லுங்க" என்று பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

தந்தைக்கு இளம் வயது. கேரளத்துக்காரர். தமிழ் எழுதினால் ஒற்று விட்டுப்போகும். விலகினார் என்பதற்கு எந்த லகரம் என்று என்னைக் கேட்டார். நான் பேனாவை வாங்கிக்கொண்டேன்.

இடம் குறைவு. எழுத்தைச் சிறிதாக்கி எழுத வேண்டியிருந்தது. தேதி, நாடு, ஆயர் இல்லக் கடித எண், எல்லாம் எழுதினேன். பிழையில்லை. தந்தை கையெழுத்திட்டார். "நன்றாக எழுதுகிறீர்கள்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது கோயில் பேனா. தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும்.

அந்தச் சாதிச் சான்றிதழில் நான் எழுதியது சரி என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் உன்னைக் கேட்காமல் எழுதியது, இந்த வருடம் உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதியது, இவற்றைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்று மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து தாள் கிழித்துவிட்டேன். எனக்கு அந்த வாக்கியம் எழுதிப் பழக்கமில்லை.

நீ என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். வேண்டாம். அந்தக் கடிதம் ஒன்றுதான் என்னிடம் எதையும் மறைக்காமல் எழுதியதாக இருந்தது.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வந்தால் எல்லாம் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறாய். சரியாகாது. மண்டபத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். செங்கல்பட்டில் நீ இறங்கினால் உன்னைப் பார்த்து யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அது கேட்பதைவிட மோசமாக இருக்கும். டிக்கெட்டை ரத்து செய் என்றுதான் இந்தத் தாளில் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன், நீ பார்க்கலாம். வா என்று எழுதப் பார்த்தேன். எதற்கு வர வேண்டும் என்று நீ திருப்பிக் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

டிசம்பர் பதினான்கு சனிக்கிழமை. நான் வீட்டில்தான் இருப்பேன்.

அம்மா